முருகேஷின் வேண்டுதலும் நாகஜோதியின் காலும்

திருப்பூர் ராயபுரம் முருகேஷுக்கு வேண்டிக்கொள்வது மூச்சு விடுவது மாதிரி. வீரபாண்டியில் அவன் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு, ஏற்றுமதிச் சரக்கைச் சோதிக்க ஆள் வருகிறார் என்றால் பேக்கிங் செக்‌ஷனே பம்பரமாய்ச் சுழலும். அதற்கு இன்சார்ஜான முருகேஷ் மட்டும் ஓர் ஓரமாய்க் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருப்பான். சரக்கு பாஸாகிவிட்டால், ராப்பகலாய்ப் பெட்டி அடுக்கியது அவனுக்கு ஞாபகமே வராது. முருகன் பார்த்துக்கொண்டான் என்பான். கம்பெனியில் அவனுக்கு 'வேண்டுதல் முருகேசு' என்று பேர்.

இதில் ஒரு விசேஷம் என்னவென்றால், வேண்டிக்கொள்வது இவன். நிறைவேற்றுவது வேறு யாராவது. இவனுக்கு மஞ்சள்காமாலை வந்து தெளிந்தது; மொட்டை போட்டுக்கொண்டது அப்போது ஏழு வயசாயிருந்த மகள் நித்யஸ்ரீ. ஒரு வருஷம் அந்தக் குழந்தை தொப்பியோடு பள்ளிக்கூடம் போனாள். வீட்டுக்குப் போட்ட போரில் தண்ணீர் வந்தது. பதினோரு செவ்வாய்க்கிழமை பட்டினி கிடந்தவன் மச்சினன். ஒரு தடவை சரக்கு பாஸானதற்காகச் செக்கிங் பெண்கள் நாற்பது பேரையும் ஒரு வாரம் கறி தின்னக்கூடாது என்று சொல்லிவிட்டான். அந்த வாரம் அவர்கள் இவனைப் பார்த்த பார்வையை முருகன்தான் தாங்கினான். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான், வேறென்ன.

கெட்டவன் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். குடி கிடையாது, சீட்டு கிடையாது. கல்யாணமான இருபத்துமூன்று வருஷத்தில் நாகஜோதியை அவன் கை நீட்டி அடித்ததில்லை. மனைவியும் மகளும் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் அவனுடைய அத்தனை வேண்டுதலுக்கும் அடியில் கிடப்பது. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களையே கேட்கலாம் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றியதே இல்லை.

நாகஜோதி ஓவர்லாக் தைப்பவள். அவனுடைய கம்பெனி இல்லை, அதே ரோட்டில் இன்னொன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், வெட்டிய பீஸ் எடுக்கப் போனபோது அடுக்கிலிருந்து ஒரு துணி ரோல் உருண்டு அவளுடைய வலது பாதத்தின்மேல் விழுந்தது. மேல்பாதத்தில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்று ஆறு வாரம் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது எலும்பு சேர்ந்திருந்தது. வலி மட்டும் போகவில்லை.

போகாதது மட்டுமா, வளர்ந்தது. பாதம் சில நேரம் நீலம் பாரித்துக் கிடக்கும். தொட்டால் ஐஸ்கட்டி மாதிரி இருக்கும். அவளுக்கோ உள்ளே நெருப்பு எரியும். போர்வை பட்டால் வலிக்கும். ஃபேன் காற்று பட்டால் வலிக்கும். காற்று பட்டு வலிக்கிறது என்று ஒருத்தி சொன்னால் யார் நம்புவார்கள்? உறம்பரை சொந்தங்களே வாய்விட்டுச் சிரித்தார்கள். மிஷினின் பெடலை அமுக்க முடியாமல் வேலையை விட்டாள். வீட்டில் உட்கார்ந்து, தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிர் வெட்ட ஆரம்பித்தாள். அதற்கு இரண்டு கை போதும்.

முருகேஷ் சிரிக்கவில்லை. ஆனால் நம்பவும் இல்லை. "எக்ஸ்ரேல எலும்பு சேந்துருச்சுன்னு கண்ணு முன்னால காட்டுனாங்கல்ல ஜோதி. மனசைத் தைரியமா வெச்சுக்கோ, எல்லாம் சரியாப் போயிரும்" என்பான். இதை வாரத்துக்கு மூன்று தடவையாவது சொல்லியிருப்பான். அவள் பாதத்தின்மேல் பட்ட சேலை நுனியை விலக்கிக்கொள்வாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவனுக்குக் காமாலையைத் தவிர ஒன்றும் வந்ததில்லை.

போன பொங்கலுக்கு முன்னால் யாரோ சொல்லி, வலிக்கென்றே இருக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப்போனான். டாக்டர் வேல்குமார் நாற்பது வயசுக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். இரண்டு பாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தொடாமலே வெகு நேரம் பார்த்தார். அப்புறம் பஞ்சை எடுத்து, "தொடட்டுங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு வலது பாதத்தில் லேசாக வைத்தார். நாகஜோதி நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வலி பத்துக்கு எத்தனைன்னு சொல்லுவீங்கம்மா? சுத்தமா இல்லேன்னா பூஜ்யம். தாங்கவே முடியலேன்னா பத்து."

"எட்டுங்க" என்றாள். கொஞ்சம் யோசித்து, "ஒம்பதுன்னும் வெச்சுக்கலாமுங்க."

"எலும்பு சரியாயிருச்சும்மா. நரம்புதான் இன்னும் அடி விழுந்துட்டே இருக்கறதா நினைச்சுட்டு இருக்குது. இது நிஜமான வியாதி. நீங்க வேஷம் போடறதா யாராச்சும் சொன்னா, என்கிட்ட அனுப்பி வைங்க."

நாகஜோதி அழுதுவிட்டாள். எட்டு வலியிலும் ஒன்பது வலியிலும் அழாதவள், ஒருத்தர் நம்பிவிட்டார் என்றதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். முருகேஷுக்குச் சுவரில் மாட்டியிருந்த முதுகெலும்புப் படத்தைத் தவிர வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

டாக்டர் விவரமாகச் சொன்னார். இடுப்பில், முதுகெலும்புக்குப் பக்கத்தில், காலுக்குப் போகும் ஒரு நரம்புக் கூட்டம் இருக்கிறது. எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே அங்கே ஊசி மருந்தை விட்டால், வலியைக் கொண்டுபோகும் வழி அடைபடும். பத்து நாள் இடைவெளியில் மூன்று ஊசி. "ஆனா ஒண்ணு. ஊசி போட்டதும் வலி குறையும். அது கொஞ்ச நாளைக்குத்தான். அந்தக் கொஞ்ச நாள்ல காலை மெல்லப் பழக்கணும். இன்னைக்குப் பத்து நிமிஷ நடை, நாளைக்குப் பன்னெண்டு நிமிஷம், அவ்வளவுதான். வலி இல்லையேன்னு ஓடுனா, திரும்பி வர்றப்ப முன்னைவிட மோசமா வரும். மூணு ஊசியையும் விடாமப் போட்டா நல்லா நடக்க வாய்ப்பு இருக்குது" என்றார்.

"சரிங்க, சரிங்க" என்று முருகேஷ்தான் தலையாட்டினான்.

ஒரு புதன்கிழமை முதல் ஊசி. அவளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்த முருகேஷ் என்ன செய்வான்? கண்ணை மூடினான். 'முருகா, இவ வலி மட்டும் தீந்துட்டா, இந்தத் தைப்பூசத்துக்கே இவளை உன்ர மலைக்கு நடத்திக் கூட்டிட்டு வர்றேன்.' திருப்பூரிலிருந்து பழனி எண்பது கிலோமீட்டர் சொச்சம். நடத்திக் கூட்டி வருகிறேன் என்றுதான் வேண்டினான். நான் நடந்து வருகிறேன் என்று வேண்ட அவனுக்கு வாய் வரவில்லை. வலி அவளுடையது, நடையும் அவளுடையதாக இருந்தால்தானே சாமிக்குச் சரியாகப் போய்ச் சேரும்!

முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். நாகஜோதி படுத்திருந்தாள். அவளுடைய வலது பாதம் சிவந்து, உயிர் வந்த நிறத்தில் இருந்தது. "தொட்டுப் பாருங்க" என்றாள். இரண்டு வருஷமாக அவள் சொல்லாத வார்த்தை அது. முருகேஷ் பயந்து பயந்து விரலை வைத்தான். பாதம் வெதுவெதுப்பாக இருந்தது.

"இப்ப எத்தனைங்கம்மா?" என்றார் டாக்டர்.

"மூணுங்க" என்று சொல்லிச் சிரித்தாள். மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் தூக்கலாக இருப்பது தெரியும்படி சிரித்தாள்.

மருந்து என்று அவனுக்குத் தெரியும். கண்ணால் பார்த்தான். ஆனாலும் அவனுக்குள்ளே அது முருகனாகிவிட்டது. ஆட்டோவில் வரும்போதே வேண்டுதலைச் சொல்லிவிட்டான். நாகஜோதி தன் பாதத்தைப் பார்த்தாள், அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்களே நடக்கறதா வேண்டியிருக்கலாமில்லீங்க?" என்றாள்.

"நானும் கூடத்தான வர்றேன்."

"டாக்டரு பத்து நிமிசந்தான் நடக்கச் சொன்னாருங்க."

"அது டாக்டரு சொல்றது. சாமி காரியத்துல வலி தெரியாது ஜோதி. வேண்டிட்டு நடக்கலீன்னா என்னாகும், சொல்லு?"

என்னாகும் என்று அவளுக்கும் தெரியாது, தெரியாததுதான் பயம். முருகனே எல்லாம் என்று கும்பிடும் செங்குந்தர் வீட்டில் பிறந்து வளர்ந்தவள், முருகனுக்குச் சொன்ன சொல்லை எப்படி மீறுவாள்? மறுநாள் விரத மாலை போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலையில் பாதயாத்திரைக் குழு கிளம்புவதாக இருந்தது. குருசாமி பழனிமுத்து பேர் எழுதிக்கொண்டார். இரண்டாவது ஊசி எப்போது? அதற்கு மறுநாள், சனிக்கிழமை. அன்றைக்கு அவர்கள் தாராபுரம் ரோட்டில் நடந்துகொண்டிருப்பார்கள்.

இங்கேதான் முருகேஷ் அந்தக் காரியத்தைச் செய்தான்.

வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம். பேக்கிங் செக்‌ஷனின் பின்னால், காலி அட்டைப் பெட்டிகள் குவிந்து கிடக்கும் இடத்தில் நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். ஊசியை நாலு நாள் தள்ளி வைக்கலாமா என்று கேட்கத்தான் எடுத்தான். ஏன் என்று கேட்பார்கள். பழனிக்கு நடக்கிறோம் என்றால் டாக்டர் விடமாட்டார். அதோடு இன்னொன்றும் அவன் மனசில் ஓடியது: முருகன் தீர்த்துவைத்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது, இன்னும் இரண்டு ஊசி பாக்கி என்றால் சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகாதா?

வரவேற்பில் இருக்கும் அனுப்பிரியா என்ற பெண்தான் எடுத்தாள். பொறுமையாக விசாரித்தாள். "அம்மாவுக்கு இப்ப வலி பத்துக்கு எத்தனைங்க சார்?"

"சுத்தமா இல்லீங்க" என்றான் முருகேஷ்.

"பூஜ்யம்னு எழுதிக்கட்டுங்களா?"

"எழுதிக்குங்க. அடுத்த ஊசியே வேண்டாங்க. நல்லாயிட்டா."

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசலாங்களா சார்?"

"அவ ஊட்டுல இருக்கறாங்க. நான் கம்பெனில இருந்து பேசறேன். அவ சொல்லித்தான் பேசறேன்."

போனை வைத்ததும் நெஞ்சில் என்னவோ இடறியது. நாலு வாய்ச் சோற்றை உள்ளே தள்ளினான், அது அமுங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து, "ஊசியைத் தள்ளி வெச்சுட்டாங்க. பழனி போயிட்டு வந்து போட்டுக்கலாமாம்" என்று நாகஜோதியிடம் சொன்னான். ஒரு பொய்யை மறைக்க அடுத்த பொய். அவள் நம்பினாள். அவன் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லையே.

வெள்ளிக்கிழமை அவள் நன்றாகவே நடந்தாள். பச்சைச் சேலை, தோளில் துணிப்பை. முருகேஷ் அவளுக்கு இரண்டு எட்டு பின்னால் நடந்து, அவள் பாதம் மண்ணில் பதிவதை ஆசை தீரப் பார்த்துக்கொண்டு போனான். எல்லாரிடமும் காட்டினான். "ரெண்டு வருசமா பெட்சீட்டு பட்டாத் துடிச்சவங்க. இப்பப் பாருங்க" என்று பழனிமுத்துவிடம் சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கியது. அன்றைக்கு அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். அந்தச் சந்தோஷத்தை நினைக்கத்தான் இப்போது அவனுக்கு அதிகமாகக் கூசுகிறது.

சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் அவள் நடை மாறியது. குதிகாலை வைக்காமல் விரலால் நடந்தாள். மத்தியானம், வழியில் பந்தல் போட்டு நடந்து வருகிறவர்களுக்குக் கால் அமுக்கிவிடும் ஓர் இடத்தில் உட்கார்ந்தார்கள். புண்ணியத்துக்காகச் செய்கிற வேலை அது. நல்ல மனசோடுதான் செய்வார்கள். ஒரு நடுத்தர வயசு ஆள் தைலத்தை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு, நாகஜோதியின் வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தித் தேய்த்தார்.

அவள் கத்தவில்லை. முகம் வெளுத்துப்போய், முந்தானை முழுக்க வாய்க்குள் போயிருந்தது.

"வலிக்குதுங்களாம்மா?" என்றார் அந்த ஆள்.

அவள் முந்தானையை எடுத்துவிட்டு, "இல்லீங்க சாமி. நல்லா இருக்குதுங்க" என்றாள். பாவம், புண்ணியத்துக்குச் செய்கிறவர் மனசு நோகக்கூடாது.

முருகேஷ் பார்த்துக்கொண்டிருந்தான். பாதம் திரும்பவும் நீலம் பாரித்து வீங்க ஆரம்பித்திருந்தது. அவள் தலையைத் திருப்பி, சாமான் ஏற்றிய டெம்போவைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியாத புருஷன் உலகத்தில் இருக்கமாட்டான். பழனிமுத்துவே வந்து, "முடியலேன்னா டெம்போவுல ஏத்திரலாம் முருகேசு. சாமி கோவிச்சுக்க மாட்டாரு" என்றார். குருசாமியே சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்?

"இன்னுங் கொஞ்சந்தானுங்க. நடந்துருவா" என்றான் முருகேஷ்.

அவள் நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பழனி அடிவாரம் வரைக்கும் நடந்தாள். அதற்கு மேல் ஒரு படிகூட ஏற முடியவில்லை. ஒரு பூக்கடைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, முருகேஷ் மட்டும் மேலே போனான். வேண்டுதலைப் பாதியில் விடக்கூடாதல்லவா! சன்னிதியில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. கை கூப்பினான். என்ன சொல்வது என்று தெரியவில்லை. பின்னால் இருந்தவர்கள் தள்ள, வெளியே வந்து விழுந்தான். இறங்கி வந்தபோது நாகஜோதி காலை நீட்டி, பாதத்துக்குமேல் ஈ உட்காராமல் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தாள். ஈ உட்கார்ந்தாலும் வலிக்குமே. அந்த விசிறலைப் பார்த்தபோதுதான் அவனுக்குத் தான் செய்தது என்ன என்று முழுசாக உறைத்தது.

டாக்டர் சொன்ன மாதிரியே நடந்தது. வலி முன்னைவிட மோசமாக வந்தது. முன்னால் பாதத்தோடு நின்ற எரிச்சல் முழங்கால் வரைக்கும் ஏறியது. பிசிர் வெட்டக்கூட உட்கார முடியாமல் படுத்தே கிடந்தாள். முருகேஷ் காலையில் சோறாக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போவான். சாயங்காலம் ஓடி வருவான். பாத்திரம் தேய்த்தான், துணி துவைத்தான். வாசல் கூட்டும்போது பக்கத்து வீட்டுப் பெண்கள், "பொண்டாட்டியை இப்பிடித் தாங்கறீங்களே" என்று மெச்சினார்கள். அந்த மெச்சல் அவனுக்குச் செருப்படி மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். அன்றைக்கே போயிருக்கலாம். போனால் அந்தப் போன் விஷயம் வெளியே வரும். அதனால் எண்ணெய் போட்டுப் பார்த்தான், யாரோ சொன்ன லேகியம் வாங்கினான். "ஊசிக்கு எப்பங்க வரச்சொன்னாங்க?" என்று நாகஜோதி இரண்டு தடவை கேட்டாள். "கூப்புடறேன்னாங்க" என்றான் இரண்டு தடவையும். இப்படியே மூன்று வாரம் ஓடியது. அவளுடைய மூன்று வாரம். கோயமுத்தூரில் காலேஜ் விடுதியில் இருந்த நித்யஸ்ரீ லீவுக்கு வந்து, அம்மாவின் காலைப் பார்த்துவிட்டு, அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் தானே போன் போட்டு நேரம் வாங்கினாள்.

டாக்டர் வேல்குமார் பாதத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கினார். ஃபைலைப் புரட்டினார். "ரெண்டாவது ஊசிக்கே வரலியேம்மா. வலி சுத்தமா போயிருச்சு, ஊசி வேண்டாம்னு நீங்க சொன்னதா இதுல எழுதியிருக்குது."

"நானுங்களா?" என்றாள் நாகஜோதி. "நான் எப்பங்க சொன்னேன்? நீங்கதான தள்ளி வெச்சீங்க?"

"நாங்க தள்ளி வைக்கலியே."

தான்தான் போன் பண்ணியது என்று முருகேஷ் சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷமே வாயைத் திறந்திருக்கலாம். திறந்தான், வந்தது இதுதான்: "போன்ல பேசுனவங்க மாத்தி எழுதிட்டாங்க போல இருக்குதுங்க."

டாக்டர் பெல்லை அடித்து அனுப்பிரியாவைக் கூப்பிட்டார். இருபத்திரண்டு வயசு இருக்கும், நித்யஸ்ரீயைவிட ஒன்றிரண்டு கூட. கழுத்தில் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் குரலை உயர்த்தவில்லை, ஆனாலும் திட்டு திட்டுதான். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன், பேஷண்ட்கிட்டயே கேட்டு எழுதணும்னு. பாரு, இந்தம்மா கால் எப்படி ஆயிருச்சுன்னு. உன் ஒரு வரியால வந்தது."

அந்தப் பெண் நாகஜோதியின் பாதத்தைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. முருகேஷ் பக்கம் அவள் திரும்பவே இல்லை. தான்தான் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று அவளே நம்ப ஆரம்பித்துவிட்டது முகத்தில் தெரிந்தது. "சாரிங்க சார். சாரிங்கம்மா" என்றாள்.

"பரவால்லீங்க கண்ணு" என்றாள் நாகஜோதி. காலே போனாலும் இவளுக்கு வாயில் பரவாயில்லைதான் வரும்.

அதற்கு மேல் முருகேஷால் முடியவில்லை.

"அந்தப் புள்ள சரியாத்தானுங்க எழுதியிருக்குது" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிவிட்டுத் திரும்பச் சொன்னான். "நாந்தான் போன் பண்ணுனேன். வலி இல்லீன்னு நாந்தான் சொன்னேன். இவகிட்டப் பேசலாமான்னு அந்தப் புள்ள கேட்டுச்சு. நாந்தான் வேண்டாம்னுட்டேன். பழனிக்கு நடக்கவெச்சேன் சார். எண்பது கிலோமீட்டரு."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அனுப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். முருகேஷ் நாகஜோதி பக்கம் திரும்பினான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது. அவள் அவனை யாரோ அசலூர்க்காரனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் கேட்டாள்: "இனிப் போட்டா கேக்குங்களா சார்?"

"முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்மா. மூணு போதுமான்னு இப்ப சொல்ல முடியாது. முன்னால இருந்த வாய்ப்பு இப்ப இல்லை. ஆனாலும் போடலாம்."

"போடுங்க சார்" என்றாள். யாரையும் பார்த்துக் கேட்டுக்கொள்ளாமல் சொன்னாள்.

ஊசி போட்டு வந்து படுக்கவைத்தார்கள். டாக்டர் அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்று, பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கொஞ்சம் சூடு வந்திருந்தது. போன தடவை வந்த அந்தச் சிவப்பு வரவில்லை. "எத்தனைங்கம்மா?" என்று கேட்டார். "அஞ்சுங்க" என்றாள். எழுதிக்கொண்டு போனார்.

முருகேஷ் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். "ஜோதி, நான் செஞ்சது மகா பாவம். எதாச்சும் சொல்லு. திட்டவாவது திட்டு."

"திட்டி என்னங்க ஆவப்போவுது" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பழக்கதோஷம், கை தானாகக் கூடியது, கண் மூடியது, உதடு அசைந்தது. 'முருகா, இந்த ஊசியாச்சும்...'

மணிக்கட்டில் ஒரு கை விழுந்தது. நாகஜோதி எட்டிப் பிடித்திருந்தாள். படுத்துக்கிடந்தவளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, கூப்பிய கை பிரிந்துபோனது.

"ஏனுங்க. எனக்காக இனிமேல் சாமிகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க" என்றாள். "கேக்கணும்னா முதல்ல என்னையக் கேளுங்க. என்ர காலுதானுங்க இது."

கையை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். முருகேஷ் இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டான். இருபத்துமூன்று வருஷத்தில் அவளை என்ன கேட்டிருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தான். என்ன சமையல் என்று கேட்டிருக்கிறான். சாவி எங்கே என்று கேட்டிருக்கிறான்.

அப்புறம் கேட்டான். "இப்ப வலி எத்தனை, ஜோதி?"

இவனிடம் சொல்லலாமா என்று யோசிப்பது போல அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழுங்க."

"டாக்டருகிட்ட அஞ்சுன்ன?"

"அவரு பாவம், இவ்வளவு நேரம் நின்னுட்டே இருந்தாரு. ஊசி ஒண்ணும் கேக்கலீன்னு எப்பிடிங்க சொல்றது?"

முருகேஷ் எழுந்தான். வாசல் பக்கம் இரண்டு எட்டு வைத்தவன் நின்று, திரும்பி வந்தான்.

"ஏழுன்னு போய்ச் சொல்லட்டுமா?" என்று கேட்டான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் காது வரைக்கும் இறங்கியது. இரண்டு வருஷ வலிக்கா, எண்பது கிலோமீட்டருக்கா, எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அவள் பதிலுக்காக நின்றான்.

"சொல்லுங்க" என்றாள்.